சளிக் காய்ச்சலில் மார்வலி

(பீர்க்கன்கரணையில், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் கூரையின் ஒழுக்கலுக்கு முன்னதாக மூக்கின் ஒழுக்கல் தொடங்கிவிடுகிறது. இருமாத வீடு கிடையாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் நாம் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. சுக்கும் மிளகும் ஒரு வாரமும் சேர்ந்து அதைத் தீர்த்துவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு வலிக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

இதைப் பேசுவதற்கு இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் இல்லை. பீர்க்கன்கரணை நெடுங்காலம் தன் ஏரியை நம்பிப் பயிர் செய்த ஊர். பின்னர்ப் பேரூராட்சியாகி, 2021 நவம்பர் முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. பக்கத்திலுள்ள பெருங்களத்தூரில் இரயில் ஏறினால் அடுத்தது தாம்பரம். அதற்கும் அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஓர் இரயில் நிலையமே மார்நோய் மருத்துவமனையின் பெயரைத் தாங்கி நிற்பது நம் மாநிலத்தில் அரிய காட்சி. டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் ஒன்றை நடத்திப் பெற்ற அனுபவத்தோடு தாயகம் திரும்பி, 1928-ஆம் ஆண்டில் பச்சைமலை அடிவாரத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

சௌரிமுத்துவைப் பற்றி ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறோம். கணித மேதை இராமானுஜன் 1914-இல் இங்கிலாந்து சென்ற அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இராமானுஜன் நோயுற்றபோது மெண்டிப் இல்லத்தில் இவரிடமே சில காலம் சிகிச்சைக்கு இருந்தார். அன்று அவருக்கு வந்தது காசநோய் என்றே பெரும்பாலும் கருதினார்கள். பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் 1994-இல், அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார். எது சரி என்று இனித் தீர்க்க முடியாது. நோய்க்குப் பெயர் வைப்பது கற்ற மருத்துவர்களுக்கே அவ்வளவு கடினமாக இருக்கையில், நாம் திண்ணையில் உட்கார்ந்தபடி "இது சளி", "இது வாயு" என்று நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்புத்தான் உயிரைக் கொண்டுபோகிறது.

நிற்க. சளி வேறு, இன்புளுயன்சா என்னும் விஷக் காய்ச்சல் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணச் சளி மெல்ல வரும்; தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று நான்கைந்து நாள் தொல்லை கொடுத்து, ஆளைப் பெரும்பாலும் நடமாட விட்டுவிட்டுப் போகும். இன்புளுயன்சா அப்படியன்று. காலையில் ஏர் பூட்டியவரை மாலைக்குள் பாயில் தள்ளிவிடும். குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், அடித்துப்போட்டாற்போன்ற உடல்வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத சோர்வு இவையெல்லாம் ஒருசேர வரும். இரண்டுமே வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவன.

இந்தக் காய்ச்சல் நம் கரைக்குப் புதிதன்று. 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நாட்டுக்குள் புகுந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியரை வாரிக்கொண்டு போயிற்று என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலின் வேகத்தால் மாளவில்லை. காய்ச்சலுக்குப் பின்னே நுழைந்த நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியால் மாண்டார்கள். அதுவும் உழைக்கும் வயதினர். 1957 மே மாதத்தில் வந்த அலையோ நம் சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே 19 முதல் மறு ஆண்டு பிப்ரவரி 8 வரை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட்டவர் தொகை 44,51,785, இறந்தவர் 1,098. கணக்கில் வராதவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இருப்பினும் 44 இலட்சத்துக்கு ஆயிரம் என்ற இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்றவரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். பிழைக்காத சிலரை முன்கூட்டியே அடையாளம் காண்பதுதான் நம் வேலை. அதற்கு மார்வலி ஒரு கைகாட்டி.

இனி மார்பு ஏன் வலிக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் மார்பு, கூடை பின்னினாற்போல இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டு விலா எலும்புகளால் ஆனது. எலும்புகளுக்கிடையே தசைகள் இருக்கின்றன. உள்ளே இரண்டு நுரையீரல்கள். அவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வு. நடுவே சற்று இடப்புறம் சாய்ந்தாற்போல் இதயம். இதில் ஒரு வியப்பு உண்டு. நுரையீரலுக்குத் தனக்கென வலி உணர்ச்சி இல்லை. நுரையீரல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாலும் அது வாய் திறந்து சொல்லாது. அழற்சி பரவிச் சவ்வைத் தொடும்போதுதான் "குத்துகிறது" என்கிறோம். ஆகவே நுரையீரல் நோயில் வலி வந்தால் நோய் ஓரளவு முற்றியிருக்கலாம். வலி வரவில்லை என்பதாலோ நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சளிக் காய்ச்சலில் வரும் மார்வலிகளில் மிகச் சாதாரணமானது தசைவலி. இரண்டு நாள் விடாமல் இருமுகிறவர் ஆயிரக்கணக்கான முறை விலாத் தசைகளை இழுத்து விடுகிறார். ஒருநாள் முழுவதும் வண்டியில் நெல்மூட்டை ஏற்றியவருக்கு மறுநாள் தோள் வலிப்பதில்லையா? அதே கதைதான். இந்த வலி இருமும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் மிகும், விரலால் அழுத்தினால் "இங்கேதான்" என்று ஓர் இடத்தைக் காட்டலாம், மூச்சு வாங்காது. முதியோர்க்குக் கடுமையான இருமலில் விலா எலும்பே கீறல் விடுவதும் உண்டு. அடுத்தது, நெஞ்செலும்பின் பின்னே மிளகாய் பட்டாற்போல் எரிவது. இருமும்போது அந்த எரிச்சல் மிகும். இது மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டதால் வருவது. இவ்விரண்டும் காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும். இவற்றுக்காக யாரும் நிலத்தை அடகு வைத்து நகரத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை.

மூன்றாவது வலி வேறு இனத்தது. ஆழ மூச்சிழுத்தால் ஒரு பக்கத்தில் கத்தி செருகினாற்போல் குத்தும். அந்தப் பயத்தாலேயே நோயாளி மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விடுவார். இதை நம்மவர்கள் விலாக்குத்து என்பார்கள். காய்ச்சல் மறுபடி ஏறுவதும், சளி மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ வருவதும் உடன் சேர்ந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் நான்காம் ஐந்தாம் நாளில் தணிகிறது, வீட்டார் நிம்மதியடைகிறார்கள், நோயாளி கஞ்சி குடித்து வயலைப் பார்க்கப் போகிறார். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வருகிறது, குத்தலோடு. "ஈரத்தில் நின்றான், மறுபடி சளி பிடித்துக்கொண்டது" என்கிறோம். அது மறுபடி வந்த சளியன்று. சளி திறந்து வைத்துவிட்டுப் போன கதவின் வழியாக நுழைந்த வேறு கிருமி. தணிந்து திரும்பும் காய்ச்சலைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1918-இல் இல்லாத மருந்துகள் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன.

நான்காவது வலியைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மக்கள் இதைச் சளியோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. அது இதயவலி.

ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். வயது அறுபதுக்கு மேல். சர்க்கரை உண்டு, இரத்த அழுத்தம் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை கிடைக்கிறது, ஆனால் நினைத்தபோது சாப்பிடுகிறார். விஷக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள். விடியற்காலையில் நெஞ்சின் நடுவே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாற்போல் பாரம், இடது தோளுக்கும் தாடைக்கும் இழுக்கிறது, மழைக்குளிரிலும் உடல் வியர்க்கிறது, குமட்டுகிறது. "மார்ச்சளி கட்டிக்கொண்டது" என்கிறார் மனைவி, தைலம் தேய்க்கிறார். "வாயு நெஞ்சில் நிற்கிறது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஓமத் தண்ணீர் வருகிறது, பிறகு சோடா வருகிறது. ஏப்பம் ஒன்று வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. வெயில் ஏறிய பிறகு மருந்துக் கடையில் விவரம் சொல்லி ஒரு 'செட்டு' மாத்திரை வாங்கி வருகிறார்கள். இத்தனையும் அன்பினால் செய்தவையே. ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டிருந்தால், மடை அடைத்த வயலில் பயிர் காய்வதுபோல், அத்தனை நேரமும் இதயத் தசை சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டிருக்கிறது. நெற்பயிருக்காவது மறுநாள் தண்ணீர் விட்டால் சிறிது தெளியும். செத்த இதயத் தசை மீள்வதில்லை.

காய்ச்சலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. பரிசோதனையில் இன்புளுயன்சா என்று உறுதியானவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், அவர்களுக்கு மற்ற நாட்களைக் காட்டிலும் முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படுவது ஆறு மடங்காக இருந்தது. காய்ச்சலின்போது உடம்பெங்கும் அழற்சி பரவுகிறது. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. நாடி வேகமாக ஓடுவதால் இதயத்துக்கு உழைப்பு மிகுகிறது. உணவும் நீரும் குறைகின்றன. ஏற்கெனவே பாசி படிந்த வாய்க்காலில் வெள்ளம் கொணர்ந்த குப்பை வந்து அடைத்தால் எப்படியோ அப்படி. இளைஞரிலும் மிகச் சிலருக்கு வைரஸ் இதயத் தசையையே தாக்கி, வலியும் படபடப்பும் மூச்சிரைப்பும் உண்டாக்குவதுண்டு. அது அரிது, ஆயினும் "சின்ன வயசுக்காரனுக்கு நெஞ்சுவலி வராது" என்று சொல்லி யாரையும் அனுப்பிவிடக் கூடாது.

தாய்மார்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தனியாக ஒரு சொல். இவர்களுக்கு மாரடைப்பு எப்போதும் வலியோடு வருவதில்லை. காரணமற்ற மூச்சிரைப்பு, திடீரென்ற பெருஞ்சோர்வு, முதுகிலோ தாடையிலோ ஒரு வேதனை, வியர்வை என்ற அளவில் நின்றுவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி" என்று சுவரில் சாய்ந்து உட்காரும் பெண்ணை யாரும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதில்லை. கிராமத்துப் பெண்கள் நோயைச் சொல்லாமல் மறைப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கத்தை நாம் கைவிட்டால் நன்று.

ஆகவே, கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்: நெஞ்சில் பாரமோ இறுக்கமோ கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தல், வலி கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவுதல், குளிர்ந்த வியர்வை, பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு, உதடும் நகமும் நீலம் பூத்தல், இருமலில் இரத்தம், மயக்கம் அல்லது பிதற்றல். விரலால் அழுத்தினால் வலிக்கிறது, ஆகையால் இது தசைவலியே என்று முதியவர் ஒருவரைப் பற்றி நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். முடிவை இதயத் துடிப்பைப் படமெடுக்கும் இ.சி.ஜி. கருவியிடம் விடுங்கள்.

இதில் நம் அரசாங்கம் செய்துள்ள ஏற்பாடு ஒன்றைப் பலர் அறியவில்லை. 2023-இல் 'இதயம் காப்போம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மாரடைப்பு என்று ஐயுறத்தக்க நோயாளிக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன்பே, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துவிடுவது அதன் நோக்கம். இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் அவை. முன்பெல்லாம் கிராமத்தில் தொடங்கிய வலிக்கு நகரத்தில்தான் மருந்து; இடைப்பட்ட வழியெல்லாம் வெறும் வழி. இன்று அப்படியில்லை. ஆனால் நோயாளி சோடாக் கடையில் நின்றுகொண்டிருந்தால் எந்தத் திட்டமும் அவரைத் தேடி வராது.

குழந்தைகள் "மார்வலி" என்று சொல்லத் தெரியாதவர்கள். அவர்களுக்கு மூச்சையே எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில், சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவின் அறிகுறி. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதை எண்ணிவிடலாம். கல்லும் புளியங்கொட்டையும் வைத்துக் கணக்குப் போட்ட தலைமுறைதானே! நிமோகாக்கஸ் என்னும் நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் நம் மாநிலத்தில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. அந்தத் தவணைகளைத் தவறவிடாதீர்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை அதிகமில்லை. ஓய்வு, வெந்நீர், கஞ்சி, இரசம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், இவை போதும். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். ஆதலால் ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. ஆவி பிடிப்பது இதமாக இருக்கலாம்; ஆனால் கொதிக்கும் நீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது நடக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது; தேவையின்றித் தின்றுவந்தால், உண்மையில் நிமோனியா வரும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம். மேலே சொன்ன 'செட்டு' மாத்திரையில் நான்கு நிறத்தில் நான்கு மாத்திரை இருக்கும். எது எதற்கு என்று கொடுத்தவருக்கும் சொல்ல நேரமிருக்காது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சல் அடங்கினாற்போல் காட்டி, சர்க்கரையை ஏற்றி, உள்ளே நோயை வளர்க்கும். பயிருக்குக் கண்ட மருந்தையும் கலந்தடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தை நாடுவோர்க்கும் அருகிலேயே, சானடோரியத்தில், 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாடுவதானால் அத்தகைய கற்றறிந்த இடத்தை நாடுக. ஆனால் நெஞ்சில் பாரத்தோடு கஷாயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முதியோரும் கருவுற்றோரும் சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா உள்ளோரும் ஆண்டுதோறும் இன்புளுயன்சாத் தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, போகாத சளியைப் பற்றி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அதைச் சளி என்று அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், மார்பில் மந்தமான வலி ஆகியன சேர்ந்தால் காசநோய் என்று ஐயுற வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கங்களில் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பங்கள் பல உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்தவர்க்குக் காசநோய் எளிதில் பற்றும். இவர்களுடைய இருமலைத் தொழிலின் சுபாவம் என்று தள்ளிவிடக் கூடாது.

காசநோய் என்றால் சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், ஊர் ஒதுக்கிவிடும் என்ற பழைய அச்சம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்கிய ஆராய்ச்சியும் நம் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மறுசாராரை அவரவர் குடிசையிலேயே வைத்தும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. நல்ல காற்று, நல்ல உணவு, பூரண ஓய்வு பெற்றவர்களுக்கு நிகராக வீட்டிலிருந்தோரும் குணமடைந்திருந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் நோய் அதிகமாகப் பற்றவில்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்ற வழி, நம் சென்னைக் குடிசைகளிலிருந்து பிறந்தது. இதை நம் பாடப் புத்தகங்கள் ஏன் பெரிதாகச் சொல்வதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. பரிசோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வாயிலாக, நோய் கண்டறிந்த உடனே நோயாளியின் எடை, கால்வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்து, நிலை மோசமாக உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்துண்ணலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கன சில உண்டு. உங்கள் வார்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ள முதியோர் யார் யார் என்பது 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியருக்குத் தெரியும். காய்ச்சல் பரவும் மாதத்தில் அவரோடு சேர்ந்து அந்த வீடுகளை ஒருமுறை சுற்றி வாருங்கள். தனியாக வாழும் முதியவர் இரண்டு நாளாக வெளியே காணப்படவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள். விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் கருவி, கொரோனாக் காலத்தில் வாங்கியது, எந்தப் பெட்டியில் தூங்குகிறதோ, அதை எடுத்துப் புது மின்கலம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் மருத்துவரிடம் அனுப்புங்கள். விறகுப் புகையும் பீடிப் புகையும் இருமுகிறவரின் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

108 வண்டி நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடுகிறது. வண்டி ஊர் எல்லைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு வீட்டைத் தேடுகிறது. புதிது புதிதாகப் பிரிந்த மனைகளில் தெருவுக்குப் பெயர்ப்பலகை இல்லை, வீட்டுக்கு எண் இல்லை. "ஆலமரத்துக்கு எதிரே" என்று சொன்னால், அந்த ஆலமரத்தை வெட்டி ஐந்து வருஷமாகியிருக்கும். ஆதலால் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே தெருப் பலகைக்கும் வீட்டு எண்ணுக்கும் தீர்மானம் கொண்டுவாருங்கள். வாய்க்காலைத் தாண்டி வண்டி போக முடியாத தெருக்கள் எவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தெருக்களில் நோயாளியை எந்த இடத்துக்குத் தூக்கி வருவது, தூக்க ஒரு கட்டிலும் நான்கு ஆட்களும் எந்த வீட்டில் இருப்பார்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இரவில் அழைத்தால் டார்ச்சு விளக்கோடு ஓர் ஆள் சாலை முனையில் நிற்க வேண்டும். நோயாளியை நடக்க வைக்காமல், பாதி சாய்ந்தபடி உட்கார வைத்து, அவர் தினமும் உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும், காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியதையும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.